நான் உழுத உப்புப் பாத்தி

மரக்காணத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் பெண் நான் ஒருத்திதான். நாற்பத்து நான்கு வயதில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கியர் சைக்கிளில் போகும் பெண்ணும் நான் ஒருத்திதான். இரண்டில் ஏதாவது ஒன்றை இந்த ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதைத்தான் அதனால் ஜீரணிக்க முடியவில்லை. அது ஊரின் வயிற்றுக் கோளாறு. அதற்கு நான் மருந்து சாப்பிட முடியாது.

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை ஒரு போர்டில் பதிலோடு எழுதி ஸ்டுடியோ வாசலில் மாட்டிவிடலாமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாதா? தெரியும். வீட்டில் வண்டி இல்லையா? இருக்கிறது, என் கணவர் திண்டிவனத்தில் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு அதில்தான் போகிறார். சுகர் இருக்கிறதா, டாக்டர் ஓட்டச் சொன்னாரா? இல்லை. அப்புறம் எதுக்கு? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்வதே இல்லை. பிடித்திருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் அதை யாரும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

என் வேலை சாதாரண வேலை. காலையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு ஆள் வரும். "கொஞ்சம் கலரா வர்ற மாதிரி பண்ணுங்க" என்பார்கள். பண்ண மாட்டேன். "உங்க கலரு நல்லாத்தாங்க இருக்குது, கொஞ்சம் நேரா உக்காருங்க, அது போதும்" என்பேன். கோபித்துக்கொண்டு இன்னொரு ஸ்டுடியோவுக்குப் போய் ரோஜாப்பூ நிறத்தில் திரும்பி வருகிறவர்களும் உண்டு. போகட்டும். மே மாதத்தில் மாதா கோயில் வாசலில் முதல் நற்கருணை வாங்க வெள்ளை கவுனில் வரிசையாக நிற்கும் புதுநன்மைப் பிள்ளைகள், கடற்கரைக் குப்பத்தில் புதுப் படகுக்கு மாலை போட்டு இறக்கும் நாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று வருடம் ஓடிவிடும். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர், பெண்ணின் அறைக்குள் மட்டும் நான் எடுத்தால் போதும், மேடைக்கு வேறு ஆள் வருவார் என்பார்கள். கதவுக்கு உள்ளே எடுக்கத் தெரிந்தவளுக்குக் கதவுக்கு வெளியே தெரியாமல் போய்விடுமா? முழுக் கல்யாணமும் நான், இல்லையென்றால் நான் இல்லை. இதனால் கைவிட்டுப் போன கல்யாணங்கள் நிறைய. வந்த கல்யாணங்கள் எனக்குப் போதும்.

சைக்கிள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரர் அறைகளைப் படம் எடுத்துத் தரச் சொல்லியிருந்தார். எடுத்து முடித்து வெளியே வந்தால், பக்கத்திலிருந்த சைக்கிள் கடை வாசலில் அது நின்றுகொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பிப் போகும் ஒரு வெளிநாட்டுக்காரர் விற்கக் கொடுத்துவிட்டுப் போனதாம். பெயின்ட் உரிந்து, சீட்டு கிழிந்து, ஆனால் சக்கரம் சுற்றிவிட்டால் நிற்காமல் சுற்றியது. பஸ்ஸுக்காகக் கையில் வைத்திருந்த சில்லறையைப் பர்ஸில் திரும்பப் போட்டுவிட்டு, கேமரா பையை முதுகில் மாட்டிக்கொண்டு, ஈ.சி.ஆரில் வடக்கே பார்த்து மிதிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. கூனிமேட்டுக்குக் கிட்டே வரும்போது என் கணவர் போன் செய்தார்.

"எங்க இருக்க? பஸ் கெடைக்கலையா?"

"பஸ் நெறைய போவுது. நான் சைக்கிள்ல வர்றேன்."

"யாரோட சைக்கிளு?" என்றார்.

"என்னோடது."

வீடு வந்து சேர்ந்த பிறகு இரண்டு நாள் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. "செவுத்துல ஒரு ஆணி அடிச்சி உன்னைய மாட்டி வுட்டுடவா, நின்னுகிட்டே தூங்கு" என்று கிண்டல் செய்தார். மூன்றாம் நாள் நான் மறுபடியும் சைக்கிளை எடுத்ததும் கிண்டலை நிறுத்திவிட்டு, காற்றடிக்கும் பம்ப் ஒன்று வாங்கி வந்தார். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், பின்னால் அவரோடு சண்டை போட்டதையும் சொல்லப் போகிறேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடையவை ஆயின. விடிவதற்குள் கிளம்பினால் வெயில் ஏறும் முன் பெருமுக்கல் போய்விடலாம். அடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு மலை ஏறுவேன். மேலே பாறையில் உட்கார்ந்தால் வயல், ஏரி, பனைமரம் எல்லாம் கிழக்கே கடல் வரைக்கும் பரந்து கிடக்கும். கேமரா கழுத்தில் தொங்க, ஒரு படமும் எடுக்காமல் இறங்கிய நாட்கள் உண்டு. "அவ்ளோ தூரம் போயி ஒண்ணும் எடுக்காமயா வந்த?" என்று கேட்பார்கள். இட்லி வேக வைக்கிற மாதிரியா, போனதும் எடுத்துக்கொண்டு வர? திரும்பி வரும்போது கடல்காற்று எதிரே பிடித்துத் தள்ளும். தொடை எரியும், வாய் தானாகத் திட்டும். அப்படித் திட்டிக்கொண்டே மிதிப்பதில் ஒரு சுகம் உண்டு, ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

ஆனால் தினமும் நான் போன இடம் உப்பளம். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்திகள், நடுவே வரப்புகள். ஸ்டுடியோ திறக்கும் முன் அங்கே ஒரு மணி நேரம். சாலையில் போனால் யாராவது பார்ப்பார்கள், பேருந்து ஜன்னலிலிருந்து யாராவது கத்துவார்கள், கடை வாசலில் நிற்கும் ஏதாவது ஒரு அண்ணன் அக்கறையோடு அறிவுரை சொல்வார். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தலை நிமிர நேரமில்லை. என்னை எதுக்கு என்று யாரும் கேட்காத ஒரே இடம் அது.

அங்கே மேஸ்திரி சொல்வதுதான் சட்டம். அறுபது வயது இருக்கும், கனத்த உடம்பு, தோளில் துண்டு, கையில் ஒரு குச்சி. நான் முதல் நாள் போய் அனுமதி கேட்டபோது மேலும் கீழும் பார்த்துவிட்டு மூன்று நிபந்தனை போட்டார். உள்ளே செருப்பு கூடாது. பெரிய கரையில் சைக்கிள் ஓட்டலாம். உள்வரப்பில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு வருடம் அதை நான் மீறியதில்லை.

மூன்றாவது நிபந்தனை எதற்கு என்று சொல்ல வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் பாத்தியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, சேற்றைச் சமன் செய்து, அதைக் காலால் மிதிப்பார்கள். நாள் கணக்கில், ஒரு அங்குலம் விடாமல், வெறுங்காலால். மிதித்து மிதித்துத் தரை சிமென்ட் போல இறுகிய பிறகுதான் உப்புத் தண்ணீரைக் கட்டுவார்கள். தரை இறுகாவிட்டால் உப்போடு சேறு கலந்து கறுத்துப் போகும். அப்படிப்பட்ட உப்பை யாரும் தொட மாட்டார்கள். அதனால் மிதித்து முடித்த பாத்தியில் நாய் இறங்கினால் கூட கல்லை எடுத்து எறிவார்கள். வரப்பு ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். அதில் சைக்கிள் ஓட்டுகிறவர் எங்கே விழுவார் என்று யோசிக்கத் தேவையில்லை.

இதெல்லாம் தெரிந்தும் தை மாதத்தில் ஒரு நாள் காலை நான் ஓட்டினேன்.

பூநாரைகள் வந்திருந்தன. எப்போதும் தூரத்துக் கழுவெளி ஏரித் தண்ணீரில்தான் நிற்கும். அன்றைக்குத் தண்ணீர் தேக்கும் பெரிய பாத்தியில், அதுவரை பார்த்திராத அளவுக்குக் கிட்டே கூட்டமாக இறங்கியிருந்தன. வெயில் அப்போதுதான் தரையைத் தொட்டிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் ஐந்து நிமிடம். அதற்குள் பறந்துவிடும் என்று தோன்றியது. உள்வரப்பில் ஏறி மிதித்தேன். வலது கையில் கேமரா, இடது கையில் ஹேண்டில்பார். நன்றாகத்தான் போனேன். ரொம்ப நன்றாகப் போனேன், அதுதான் தப்பு. நடுவழியில் பறவைகள் எழும்ப ஆரம்பித்தன. நான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டு போனேன்.

விழும்போது சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். போட்டோ எடுக்கிறவர்கள் கேமராவைத் தூக்கிப் பிடிப்பார்கள். நான் இரண்டாவது ஜாதி. சைக்கிளோடு பாத்திக்குள் சரிந்து, தோள்பட்டை தரையில் மோதி, சறுக்கிக்கொண்டே போனபோதும் கேமரா மட்டும் தலைக்கு மேலே இருந்தது. அதோடு விட்டேனா? மல்லாந்து கிடந்தபடியே பறவைகள் தலைக்கு மேல் போவதை நாலைந்து படம் எடுத்தேன். இதை வெட்கத்தோடு சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். வெட்கம் வரவில்லை. அந்தப் படங்களில் ஒன்று இன்றைக்கும் ஸ்டுடியோவில் மாட்டியிருக்கிறது.

எழுந்து திரும்பிப் பார்த்த பிறகுதான் நான் செய்தது தெரிந்தது. பெடல் தரையைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. சாம்பல் நிறத்தில் பளபளவென்று இறுகியிருந்த தரையில் பாத்தியின் பாதி நீளத்துக்கு ஒரு சால், அதற்குள்ளிருந்து கறுப்புச் சேறு பிதுங்கி நின்றது. நான் விழுந்த இடத்தில் ஒரு பள்ளம். எழுந்திருக்கும்போது வைத்த செருப்புக் கால்களின் தடம். ஆமாம், அவசரத்தில் செருப்பையும் கழற்றவில்லை.

அந்தப் பாத்தியை மிதித்தவள் பக்கத்துப் பாத்தியிலிருந்து வந்தாள். என் வயதுதான் இருக்கும். தலையில் துண்டு கட்டி, சேலைக்கு மேல் ஆண்பிள்ளை சட்டை போட்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். சால் ஆரம்பித்த இடத்திலிருந்து முடிந்த இடம் வரைக்கும் வரப்பில் நடந்து பார்த்தாள்.

"குழந்தையைத் தூக்கற மாதிரி அதைத் தூக்கிக்கினு வுழுந்தியே" என்றாள் கேமராவைப் பார்த்து. "என் பாத்தியத் தூக்க ஆள் இல்லாமப் போச்சே."

"தெரியாம… இல்ல, தெரிஞ்சிதான் ஓட்டினேன். மன்னிச்சிக்கோங்க."

"மன்னிப்ப வச்சிக்கினு நான் என்ன பண்றது?" என்றாள். பிறகு குடிக்கக் கொண்டு வந்திருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்து என் சைக்கிள் செயின் மேல் ஊற்றினாள். "இதைக் கழுவு மொதல்ல. நல்ல தண்ணி ஊத்தலைன்னா சாயங்காலத்துக்குள்ள துரு ஏறிடும்." அங்கே மண்வெட்டி, பலகை, கால் எல்லாவற்றையும் அப்படிக் கழுவாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. கோபத்திலும் அவளுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள்.

"ஏம்மா, உன்னைய நம்பித்தான உள்ள வுட்டேன்? தள்ளிக்கிட்டுப் போன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க. தப்பு என்னுதுதான், மேஸ்திரி."

"தப்புன்னுட்டா ஆச்சா? எத்தினி நாள் மிதிச்சது தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றேன். அவர் என்ன திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். திட்டுவது அவர் பாத்தியதை. ஆனால் அவர் குச்சியால் காற்றைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "உங்கிட்ட பேசி என்னா ஆவப் போவுது. வீட்டுக்காரரை வரச் சொல்லு. அவருகிட்ட பேசிக்கிறேன்."

குனிந்திருந்த தலை அந்த வார்த்தையில் நிமிர்ந்துவிட்டது. ஓட்டியது நான். விழுந்தது நான். தரையைக் கிழித்தது நான். கணக்குத் தீர்க்க மட்டும் திண்டிவனத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கும் மனிதர் வர வேண்டுமா?

"அவரு எதுக்கு? வுழுந்தது நானு. என்ன செய்யணும்னு என்கிட்ட சொல்லுங்க."

"என்னா செய்வ? பாத்தி மிதிப்பியா?" மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"மிதிக்கிறேன்."

சிரிப்பு நின்றது. என்னை ஒரு தடவை, என் கால்களை ஒரு தடவை பார்த்தார். "ஒட்டுப் போட்டா நிக்காது. முழுப் பாத்தியும் மொதல்லருந்து மிதிக்கணும். எட்டு நாள். எட்டாம் நாள் வந்து பாப்பேன். எறங்கி நின்னா கால் பதியக் கூடாது. பதிஞ்சிதுன்னா, நீயும் உன் சைக்கிளும் இந்தப் பக்கம் தலை வச்சிக் கூட படுக்கக் கூடாது."

"சரி" என்றேன்.

அவர் போன பிறகு பாத்திக்காரியைப் பார்த்தேன். அவள்தான் உண்மையில் இழந்தவள், அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "விடியறப்ப வா" என்றாள். "செருப்ப வூட்டுலயே வுட்டுட்டு வா."

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ஊருக்கு நல்ல தீனி. டீக்கடையில் ஒருவர், "அதான் அப்பவே சொன்னோமே, இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்" என்று என் காதுபடச் சொன்னார். சாயங்காலம் என் கணவர் வண்டியை நிறுத்தும்போதே ஆரம்பித்தார். "உப்பளத்துல ஏர் ஓட்டினியாமே? என்ன வெதைக்கலாம்னு இருக்க?"

சிரித்தேன். தோள்பட்டை வலித்தது. மருந்து தடவிவிட்டுக்கொண்டே அவர், "நான் வேணா நாளைக்குப் போயி மேஸ்திரிகிட்ட பேசிட்டு வர்றேன். அஞ்சு நிமிஷத்துல முடியற விஷயம்" என்றார்.

"வேணாம்."

"எனக்குத் தெரிஞ்ச மனுஷன்தான். கடைக்கு வருவாரு."

"அதான் வேணாங்குறேன். நீங்க அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டா, அடுத்த தடவையும் உங்களத்தான் கேப்பாங்க. அப்புறம் நான் ரோட்டுல போறதுக்கும் உங்களத்தான் கேப்பாங்க."

"இதுல என்ன பெருசா இருக்குது? கொஞ்ச நாள் சைக்கிள நிறுத்தி வையி, எல்லாரும் மறந்துடுவாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேஸ்திரி சொன்னபோது வராத அழுகை. என் கணவர் கெட்ட மனிதர் இல்லை, நல்லதுக்குத்தான் சொன்னார், அதனால்தான் அதிகமாக வலித்தது. "மறந்துடுவாங்க, எனக்கும் மறந்து போயிடும். அதுக்குத்தான் பயப்படறேன்" என்றேன். அவர் மருந்து ட்யூபை மூடி வைத்தார். "அப்ப நான் எதுக்குத்தான் இருக்கேன்?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். "நாளைக்கு சாயங்காலம் கால்ல தடவ தேங்கா எண்ணெய் சூடு பண்ணித் தாங்க" என்றேன்.

மறுநாள் விடியும் நேரம் சைக்கிளில்தான் போனேன். நடந்தே போயிருக்கலாம், தோள்பட்டைக்கு அதுதான் நல்லது. ஆனால் டீக்கடை திறந்திருக்கும் நேரம் அது. நிறுத்திவிட்டாள் என்று நினைப்பார்களே என்பதற்காகவே மணியடித்துக்கொண்டு போனேன்.

மிதிப்பது நடப்பது இல்லை. ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒரு பாதத்தோடு அடுத்த பாதத்தை ஒட்டி வைத்து, முழுப் பாதமும் ஒரே சமமாக அழுந்தும்படி நகர வேண்டும். பாத்தியின் ஒரு கோடி வரை போய், திரும்பி, அதே தடத்தின் பாதியை மறுபடியும் மூடிக்கொண்டு வர வேண்டும். பாத்திக்காரி முதல் வரிசையை எனக்கு முன்னால் மிதித்துக் காட்டினாள். பிறகு நான். பத்தடி போனதும் நிறுத்தினாள்.

"இங்க பாரு, குழி குழியா இருக்குது. யாரை மிதிக்கிற நீ?"

நான் குனிந்து குழிகளைப் பார்த்தேன்.

"மேஸ்திரியத்தான? உன் கோவத்த எல்லாம் குதிகால்ல எறக்காத. குழியில தண்ணி நிக்கும். பாதத்த வையி, அதுவே எறங்கும்."

கோபத்தைக் குதிகாலிலிருந்து எடுத்து வேறெங்கே வைப்பது என்று தெரியவில்லை. பல்லில் வைத்துக்கொண்டேன். முதல் நாள் வெயில் பாதி ஏறுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. ஸ்டுடியோவைப் பதினோரு மணிக்குத் திறந்தேன். கணுக்கால் வரை சேறு காய்ந்திருந்தது. ஆதார் அட்டைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், வந்த வேலையை மறந்து என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் பாதத்தில் வெடிப்பு வந்தது. வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் போனால் எப்படி இருக்கும் என்பதை எழுதி விளக்க முடியாது, உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை ஏறும். பாத்திக்காரி தன் காலைத் தூக்கிக் காட்டினாள். அதில் வெடிப்பு இல்லை, தோலே வேறு மாதிரி இருந்தது. "ஒனக்கு எட்டு நாளு. எனக்கு இருவது வருஷம்" என்றாள், பெருமையும் இல்லை, குறையும் இல்லை. வேலை செய்துகொண்டே நிறையப் பேசுவாள். போட்டோ எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களைப் பற்றிச் சொன்னாள். எல்லோருக்கும் அவள் தலையில் கூடையோடு நிற்க வேண்டுமாம், இறக்கி வைத்துவிட்டால் கேமராவை மூடிவிடுவார்களாம். "கூடை இல்லாம நான் என்ன ஆளே இல்லியா?" என்றாள். நானும் இரண்டு வருடமாக அப்படித்தான் எடுத்திருந்தேன். வாயைத் திறக்காமல் மிதித்தேன்.

ஐந்தாம் நாள் ஒரு கல்யாணம், முழுக் கல்யாணமும் என்னுடையது. மேடையில் எல்லோரும் வெறுங்கால் என்பதால் என் காலை யாரும் கவனிக்கவில்லை. முகத்தையும் கவனிக்காதது நல்லதுதான், அட்சதை அரிசி ஒவ்வொன்றும் வெடிப்பில் குத்தியபோது அது எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். தாலி கட்டும் நேரம் நான் மேடையின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று எடுத்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் கீழே வந்து, "சைக்கிள்லயாம்மா வந்த? கல்யாணத்துக்கு?" என்றார். "ஆமாங்க, கல்யாணத்துக்குத்தான்" என்றேன். சாப்பாடு முடிந்ததும் நேராக உப்பளம் போய், உச்சி வெயிலில் அன்றைய பங்கை மிதித்தேன். கண் கூசிக் கூசி நீர் வழிந்தது.

ஆறாம் நாள் பயந்துவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் முந்தின நாள் மிதித்த இடத்தில் என் பாதங்கள் ஒவ்வொன்றும் விரல் விரலாகத் தெரிந்தன. கால் வைத்தால் பதிந்தது. பாத்திக்காரி விரலால் அழுத்திப் பார்த்தாள், விரலும் பதிந்தது. இன்னும் இரண்டு நாளில் இந்தத் தரை இறுகாவிட்டால், ஒரு மணி நேரம் என்று நான் பிடித்து வைத்திருந்த காலைப்பொழுது போய்விடும். ஊர் சொன்னது சரி என்று ஆகிவிடும். அவள் பாத்தியையும் கெடுத்து, அவள் நாட்களையும் கெடுத்தவள் என்று மட்டும் நான் மிஞ்சுவேன். அன்றைக்கு ஸ்டுடியோவைத் திறக்கவே இல்லை. காலையில் மிதித்த வரிசையை மாலையில் மறுபடி மிதித்தேன். அவளும் கூலிக்குப் போக வேண்டிய பாத்தியை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து மிதித்துக்கொண்டு வந்தாள். நடுவில் சந்தித்துக்கொண்டபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"எதுக்கு இவ்ளோ பண்றீங்க?" என்றேன்.

"எதுக்கா? என் பாத்திடீ" என்றாள். அன்றைக்குத்தான் என்னை முதல்முறையாக டீ போட்டு அழைத்தாள்.

ஏழாம் நாள் நல்ல வெயிலும் வடகாற்றும் சேர்ந்து அடித்தன.

எட்டாம் நாள் காலை நான் பெரிய கரையில் செருப்பில்லாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாத்திக்காரி பாத்தியின் அடுத்த கரையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி உள்வரப்பின் மேல் மெதுவாக நடந்து வந்தார். பாத்தியின் பக்கம் திரும்பவில்லை. எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார்.

"வீட்டுக்காரரு வரலியா?"

"அவரு எதுக்கு வரணும்னு அன்னைக்கே கேட்டேன், மேஸ்திரி."

"இங்க பாரும்மா. நீ மிதிச்சத நானும் பாத்துக்கினுதான் இருந்தேன். ஒண்ணும் குறை சொல்லல. அவரு ஒரு தபா வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவட்டும், எனக்கும் மரியாதை, உனக்கும் மரியாதை. அப்புறம் தாராளமா வந்து போ."

பாசமாகத்தான் சொன்னார். மிதித்து மிதித்து வெடித்த காலோடு நான் நின்றுகொண்டிருக்க, கடைசியில் மிஞ்சியது அந்த ஒரு வார்த்தை, அதுவும் வேறொருவர் வாயிலிருந்து.

அடுத்த கரையிலிருந்து அவள் குரல் வந்தது. "மேஸ்திரி, மொதல்ல பாத்தியப் பாருங்க. அதை மிதிச்சது அவ புருஷனா?"

"நீ சும்மா இரு."

"நான் எதுக்கு சும்மா இருக்கணும்? நான் இங்க மிதிக்க வந்தப்ப எம்புருஷன் வந்து சொன்னாத்தான் ஆச்சின்னு நிறுத்தி வச்சீங்களா? வேலைக்குன்னா நாங்களே வரலாம், அவ சைக்கிளு தள்ளிக்கினு போறதுக்கு மட்டும் ஆம்பள வரணுமா?"

மேஸ்திரி வரப்பின் நடுவிலேயே நின்றார்.

நான் சைக்கிளை உள்வரப்பில் ஏற்றினேன். அவர் போட்ட நிபந்தனைப்படி, ஏறி ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டுதான் போனேன். அவருக்கு முன்னால் போய் நின்றேன். வரப்பு ஓர் ஆள் அகலம். சைக்கிளோடு நான் பின்னால் போக முடியாது. போகவும் மாட்டேன்.

"வழி வுடுங்க மேஸ்திரி."

என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கரையில் நின்றவளைப் பார்த்தார். பிறகு குச்சியை ஊன்றி, ஒரு காலை வரப்பிலிருந்து இறக்கினார், மற்ற காலையும் இறக்கினார். அந்தக் கனத்த உடம்பு முழுவதும் நான் மிதித்த தரையின் மேல் நின்றது.

அவர் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து, அது இருந்த இடத்தைக் கையால் தடவினார். அங்கே தடம் ஒன்றும் இல்லை.

நான் அவரைத் தாண்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.